மூணு தோல்விக்கு ஒரு கோச்சா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் ஃபுட்பால் டீமோட கோச்சைப் பத்தே நிமிஷத்துல தூக்கினோம். இன்டர்-டிபார்ட்மென்ட் டோர்னமென்ட்ல வரிசையா மூணு மேட்ச் தோத்திருந்தோம். ராத்திரி மெஸ்ல சாப்பிட்டுட்டு, தட்டைக் கூட கழுவாம அங்கேயே உக்காந்து பேசி முடிச்சோம். கோச்னா சம்பளம் வாங்குற கோச் இல்லை, ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர். காலைல அஞ்சரைக்கு ஒவ்வொரு ரூம் கதவா தட்டி எழுப்பி, காரைக்குடி செம்மண் கிரவுண்டுல எங்களை ஓட விட்டவர். "அண்ணன் வேணாம், வேற யாராவது பாக்கட்டும்"னு கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்.

அடுத்த மேட்ச் 3-0னு ஜெயிச்சோம். "பாத்தியா மச்சான், ஆளை மாத்தினதும் ரிசல்ட்!"னு ஹாஸ்டல் முழுக்க ஒரே சத்தம். அந்த வெற்றி எப்படி வந்ததுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு கேள்வி: சீசன் ஆரம்பத்துலயே டீம் தடுமாறினா, கோச்சை உடனே அனுப்புறது சரியா?

என் பதில்: முதல் அஞ்சாறு மேட்ச் ஸ்கோரை மட்டும் வச்சு அனுப்புறது பெரும்பாலும் தப்பு. "பெரும்பாலும்"னு சொல்லக் காரணம் இருக்கு. எனக்கு எதிரான பலமான உதாரணம் நம்ம சென்னை டீம்கிட்டயே இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019: ஆறே மேட்ச்ல மாறின கோச்

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல, பெங்களூரு எஃப்.சி.யை அவங்க சொந்த மண்ணுலயே 3-2னு வீழ்த்தி சென்னையின் எஃப்.சி. ரெண்டாவது முறையா ஐ.எஸ்.எல். கோப்பை வாங்குச்சு. கோச் ஜான் கிரெகரி. அதுக்கு அடுத்த சீசன் அதே டீம், அதே கோச், ஆனா கடைசி இடம். 18 மேட்ச்ல ரெண்டே வெற்றி, 9 பாயின்ட். கிளப் அவரை அனுப்பலை. 2019 ஏப்ரல்ல சூப்பர் கப் ஃபைனல் வரைக்கும் போனாங்க. நம்பிக்கை கொஞ்சம் துளிர்த்தது.

2019-20 சீசன் ஆரம்பிச்சதும் மறுபடி அதே கதை. முதல் 6 மேட்ச்ல ஒரு வெற்றி, 5 பாயின்ட். நவம்பர் கடைசில கிரெகரி விலகினார், டிசம்பர்ல ஓவன் கோயில் வந்தார். மீதி 12 லீக் மேட்ச்ல 24 பாயின்ட்! நாலாவது இடத்துல முடிச்சு, செமி ஃபைனல்ல எஃப்.சி. கோவாவை மொத்தக் கணக்குல 6-5னு தாண்டி, ஃபைனலுக்கே போயிட்டாங்க. 2020 மார்ச் 14 அன்னிக்கு, கொரோனா பயத்துல ஆளே இல்லாத ஃபடோர்டா ஸ்டேடியத்துல ஏ.டி.கே.கிட்ட 3-1னு தோத்தாங்கங்கிறது வேற விஷயம்.

"அப்புறம் என்னப்பா? சீக்கிரமா மாத்தினாங்க, ஃபைனல் போனாங்க. கேஸ் க்ளோஸ்!"னு நீங்க சொல்லலாம். இருங்க. காலண்டர்படி பாத்தா அது ஆறாவது மேட்ச்தான். ஆனா கிரெகரி விஷயத்துல கிளப் பாத்தது 6 மேட்ச் இல்லை, கோப்பைக்கு அப்புறம் 24 லீக் மேட்ச். அதுல வெற்றி மொத்தமே 3. அதாவது அது அவசரமா எடுத்த முடிவே இல்லை. ஒரு முழு சீசன் பொறுத்துப் பாத்துட்டு எடுத்த முடிவு.

இன்னொண்ணும் கவனிங்க. அந்த சீசன் 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கின வால்ஸ்கிஸ், நடுவுல ஆட்டத்தை நடத்தின கிரிவெல்லாரோ, இவங்க ரெண்டு பேரும் கிரெகரி இருந்தப்பவே டீமுக்கு வந்தவங்க. புது கோச் அந்தச் சரக்கை நல்லா ஓட்டினார், அதுல சந்தேகமே இல்லை. ஆனா சரக்கு ஏற்கெனவே கடைல இருந்துச்சு.

2015: கடைசி இடத்துல இருந்து கோப்பை

இதே கிளப்போட பழைய கதை ஒண்ணு. 2015 சீசன், லீக்ல மொத்தமே 14 மேட்ச். பத்து மேட்ச் முடிஞ்சப்போ சென்னையின் கையில 10 பாயின்ட்தான், டேபிள்ல அடில கிடந்தாங்க. கோச், இத்தாலிக்காக 2006 உலகக் கோப்பை வாங்கின மார்கோ மடெராஸி. இன்னிக்கு இருக்குற சோஷியல் மீடியா சூட்டுக்கு, அஞ்சாவது மேட்ச்லயே அவருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருப்போம்.

கிளப் அவரை வச்சுக்கிச்சு. கடைசி நாலு மேட்ச்சையும் ஜெயிச்சு மூணாவது இடம் வந்தாங்க. அப்பதான் சென்னை வெள்ளம். ஊரே தண்ணில நின்னதால சொந்த ஊர்ல ஆட வேண்டிய செமி ஃபைனல் புனேவுக்குப் போச்சு. அங்க கொல்கத்தாவை 3-0னு அடிச்சாங்க. டிசம்பர் 20, ஃபைனல், எதிர்ல கோவா. 87ஆவது நிமிஷம் வரை 1-1, அப்புறம் கோவா 2-1. "முடிஞ்சது"ன்னு டி.வி.யை அணைச்சவங்க இருக்காங்க. 90ஆவது நிமிஷத்துல கோவா கீப்பரோட ஓன் கோல், இன்ஜுரி டைம்ல மெண்டோசா கோல். 3-2, சாம்பியன்.

இதை வச்சு "எல்லா கோச்சையும் வச்சுக்கோங்க, கடைசில ஜெயிப்பாங்க"ன்னு நான் சொல்லலை. 2018-19லயும் வச்சுக்கிட்டாங்க, கடைசி இடம்தான் கிடைச்சுது. நான் சொல்றது, வெறும் பாயின்ட் டேபிளைப் பாத்து இந்த ரெண்டு சீசனையும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கிறதுதான். 2015ல பாதி சீசன் தாண்டியும் டேபிள் சொன்னது பொய்.

முள் நிக்கட்டும்

ஈ.ஈ.ஈ. லேப்ல பழைய அனலாக் வோல்ட்மீட்டர் பாத்திருப்பீங்க. சுவிட்ச் போட்டதும் முள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். அப்பவே ரீடிங் எழுதினா லேப் மேம் என்ன சொல்வாங்க? "முள் நிக்கட்டும் தம்பி." சீசன் ஆரம்பமும் அப்படித்தான். புது பிளேயர்ஸ், புது சிஸ்டம், ஒரு காயம், ஒரு கெட்ட பெனால்டி, முதல் மூணு மேட்ச்சும் பெரிய டீம் கூடன்னு எல்லாம் சேர்ந்து முள்ளை ஆட்டும்.

இதுல ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கு. கோச்சை எப்ப அனுப்புவாங்க? டீம் ரொம்ப மோசமான நிலைல இருக்கும்போது. ரொம்ப மோசமான நிலைக்கு அப்புறம் பெரும்பாலும் என்ன வரும்? கொஞ்சம் சுமாரான நிலை. கோச் மாறினாலும் வரும், மாறலைன்னாலும் வரும். நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், அவங்க நாட்டு லீக்ல 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை எடுத்துப் பாத்தார். கோச்சை அனுப்பின டீம்களை மட்டும் பாக்கலை. அதே மாதிரி சரிஞ்சும் கோச்சை வச்சுக்கிட்ட டீம்களையும் பக்கத்துல வச்சுப் பாத்தார். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்துச்சு. காய்ச்சல் ஏழாவது நாள் தானா இறங்கும்போது, ஆறாவது நாள் குடிச்ச கஷாயத்துக்குப் பேர் கிடைக்கிற மாதிரி.

இங்கிலாந்துல 2017ல கிரிஸ்டல் பேலஸ் பண்ணினது இன்னும் வேடிக்கை. பிரீமியர் லீக்ல நாலே மேட்ச். நாலுலயும் தோல்வி, ஒரு கோல் கூட இல்லை. ஃபிராங்க் டி போயரை அனுப்பிட்டாங்க. ராய் ஹாட்ஜ்சன் வந்தார். அடுத்த மூணு மேட்ச்? அதுவும் தோல்வி, அதுலயும் கோல் இல்லை! எட்டாவது மேட்ச்ல செல்சியை ஜெயிச்சாங்க. அன்னிக்கு நடந்த முக்கியமான மாற்றம், காயத்துல இருந்த வில்ஃபிரட் ஸாஹா திரும்பி வந்தது. வின்னிங் கோல் போட்டதும் அவர்தான். சீசன் முடிவுல பேலஸ் 11ஆவது இடம். ஹாட்ஜ்சனுக்கு அதுல நிச்சயம் பங்கு உண்டு. ஆனா ஸாஹாவோட முழங்கால் சரியானதுல டி போயர் தப்பும் இல்லை, ஹாட்ஜ்சன் புண்ணியமும் இல்லை.

சி.எஸ்.கே. பாடம்

ஃபுட்பால் பாக்காதவங்களுக்கு மஞ்சள் சட்டைக் கதை. 2022ல ஜடேஜா கேப்டன். 8 மேட்ச்ல 2 வெற்றி. நடுவுலயே அவர் விலகி, பொறுப்பு தோனிகிட்ட திரும்பிச்சு. மீதி 6 மேட்ச்ல எத்தனை வெற்றி தெரியுமா? அதுவும் ரெண்டுதான். சீசன் ஒன்பதாவது இடத்துல முடிஞ்சுது. தோனியையே கொண்டு வந்தும் அந்த வருஷம் திரும்பலைன்னா, பிரச்சனை தலைமைல மட்டும் இல்லைன்னுதானே அர்த்தம்? அடுத்த வருஷம் அகமதாபாத்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸ், ஃபோர் அடிச்சுக் கோப்பையை வாங்கிக் குடுத்தவரும் அதே ஜடேஜாதான்.

கோச் பக்கம் பாருங்க. ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009ல இருந்து அந்த நாற்காலில இருக்கார். 2020ல முதல் முறையா பிளேஆஃப் போகலை, ஏழாவது இடம். அப்பவும் அனுப்பலை. 2021ல அதே கோச், அதே கேப்டன், கோப்பை.

"ஆனா டைம் எங்க இருக்கு?"

எதிர்த்தரப்புல நியாயமான வாதம் ஒண்ணு இருக்கு. பிரீமியர் லீக்ல 38 மேட்ச், பொறுத்துக்கலாம். ஐ.பி.எல்.ல லீக் ஸ்டேஜ் 14 மேட்ச்தானே? அஞ்சு தோத்தாலே சீசன்ல மூணுல ஒரு பங்கு போச்சு. இதுல முள் நிக்கிற வரைக்கும் எப்படிக் காத்திருக்கிறது?

சரிதான். ஆனா அதே குட்டி சீசன் புது கோச்சுக்கும் குட்டிதான். மேட்ச், டிராவல், மேட்ச்னு ஓடுற நேரத்துல அவர் எப்ப பிராக்டிஸ் வைக்கிறது? ஏலமும் முடிஞ்சிருக்கும், பிடிச்ச ஆளையும் எடுக்க முடியாது. இன்னொரு விஷயம், இங்கிலாந்துல கடைசி மூணு டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும். அதுல போற பணம் கிளப்பையே கவிழ்த்திடும், ஓனர் பயப்படுறதுல அர்த்தம் இருக்கு. ஐ.பி.எல்.ல கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்துல இருந்துதான் ஆரம்பம். நான் சொன்ன ஐ.எஸ்.எல். சீசன்கள்லயும் அப்படித்தான். இறங்குற பயமே இல்லாத லீக்ல எதுக்கு இவ்வளவு அவசரம்?

அப்ப எப்பதான் அனுப்பலாம்? நாலு விஷயம் பாக்கச் சொல்வேன்.

முதல்ல, இந்த சீசன் மேட்ச்சை மட்டும் எண்ணாதீங்க. அவர் பொறுப்புல இருந்த மொத்த மேட்ச்சையும் எண்ணுங்க. ரெண்டாவது, யார் கூட தோத்தோம், நம்ம பக்கம் யார் ஆடலைன்னு பாருங்க. மூணாவது, பிளேயர்ஸ் இன்னும் அவர் சொல்றதைச் செய்ய முயற்சி பண்றாங்களா? செஞ்சும் தோத்தா டைம் குடுக்கலாம். காதுலயே வாங்கலைன்னா, அங்க கோச்சோட வேலை ஏற்கெனவே முடிஞ்சது. நாலாவது, அடுத்து யார்? கோயில் மாதிரி ஒரு ஆள் கையில இருந்தா பேசலாம். "முதல்ல இவர் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிறது கோபம்தான், பிளான் இல்லை.

பிளேயர்ஸை அவமானப்படுத்துற, அடிக்கிற, காசுல கை வைக்கிற கோச்சுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. டேபிள்ல முதல் இடத்துல இருந்தாலும் அன்னிக்கே அனுப்பணும்.

இப்ப எங்க 3-0 கதைக்கு வர்றேன். அன்னிக்கு எதிர் டீம்ல ஒன்பது பேர்தான் வந்தாங்க, மத்தவங்க பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்குப் போயிருந்தாங்க. எங்க ரெகுலர் கோல் கீப்பர் முதல் மூணு மேட்ச்லயும் காய்ச்சல்ல ஊர்ல கிடந்தான், அன்னிக்குத்தான் திரும்பி வந்தான். இது ரெண்டும் எங்க எல்லாருக்குமே தெரியும். தெரிஞ்சும் "கோச்சை மாத்தினதால ஜெயிச்சோம்"னு சொல்றது எங்களுக்கு வசதியா இருந்துச்சு. ஏன்னா, இல்லைன்னா நாங்க பண்ணினது என்னன்னு யோசிக்க வேண்டி வரும். அடுத்த ரெண்டு மேட்ச் தோத்து வெளிய வந்தோம். புது கோச்சை யாரும் குறை சொல்லலை. சொல்ல ஆரம்பிச்சா நிக்காதுன்னு தெரியும்.

அந்த 3-0 மேட்ச்சுக்கு அண்ணன் வந்திருந்தார். கோச்சா இல்லை, சும்மா. ஹாஃப் டைம்ல தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து வச்சுட்டு, எதுவும் சொல்லாம லைனுக்கு வெளிய போய் நின்னார். நாங்க தண்ணி குடிச்சோம், ஒருத்தனும் அவர்கிட்ட பேசலை. நானும்தான்.

இப்ப அவர் சென்னைல வேலைல இருக்கார். இந்த இதழ் வந்ததும் முதல் லிங்க் அவருக்குத்தான் அனுப்பப் போறேன். மூணு மேட்ச்ல நாங்க முடிவு கட்டினது தப்புண்ணே. அதை அன்னிக்கே கிரவுண்டுல வந்து சொல்லியிருக்கணும்.