குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஏன்?

கேள்வி: மோட்டார் ஓடும்போது மட்டும் குளியலறையின் இரும்புக் குழாயைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. மோட்டாரின் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருக்கிறோம். என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரிசெய்யும்வரை மோட்டாரைப் போடாதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இந்த ஷாக் உயிரையே பறிக்கலாம்.

மோட்டாரில் மின்கசிவு இருக்கிறது. முன்பு மண்ணுக்குள் இரும்புக் குழாய் ஓடியதால், அதிலேயே எர்த் கட்டும் பழக்கம் வந்தது. இப்போது இடையில் பி.வி.சி. குழாய் வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றி, குழாயைத் தொடுபவர் உடல் வழியாக இறங்குகிறது.

முதலில் மோட்டார் காயிலைச் சோதியுங்கள். பிறகு தனி எர்த் குழி எடுத்து, 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இடுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டாரின் பச்சை ஒயரை இந்த எர்த்தில் சேருங்கள்.

அதன் பிறகே வீட்டு இரும்புக் குழாய்களையும் கிளாம்ப் போட்டு அதே எர்த்துடன் இணைக்க வேண்டும். எர்த் சரியில்லாமல் இணைத்தால், எல்லாக் குழாய்களிலும் ஷாக் பரவும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

மாட்டுக்கொட்டகை இரும்புத் தொட்டியையும் சோதியுங்கள். தண்ணீர் குடிக்க மாடு தயங்கினால், மின்கசிவும் காரணமாக இருக்கலாம். இவை அனைத்தையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.