பழைய காரில் புதுப் பாட்டு

மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய அம்பாஸடர் உங்கள் வீட்டு ஷெட்டில் இன்னும் நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் பாக்கியசாலி. உத்தர்பாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. நினைத்தாலும் இனி புதிதாக ஒன்று வாங்க முடியாது.

அதில் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும்போது பாட்டு வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். ஆனால் பழைய காரில் புது ஸ்டீரியோ வைப்பது, பாட்டியின் காசுமாலையை அழித்து நெக்லஸ் செய்வது மாதிரியான சமாசாரம். அழித்தால் அழித்ததுதான். ஆகையால், பணம் கொடுப்பது அவராக இருந்தாலும் யோசனை சொல்லுவது நீங்களாக இருக்கட்டும்.

இப்போதைய ஸ்டீரியோவின் முகம் 18 செண்டிமீட்டர் அகலம், 5 செண்டிமீட்டர் உயரம். பெரிய திரை வைத்ததென்றால் உயரம் 10 செண்டிமீட்டர். பழைய ரேடியோவுக்கோ இரண்டு குமிழும் நடுவே ஒரு சின்ன ஜன்னலும்தான். "தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் போதும், அம்மா! அரை மணி வேலை!" என்பார் மெக்கானிக். தலையை ஆட்டிவிடாதீர்கள்! வெட்டிய தகடு மறுபடி ஒட்டாது. வண்டியின் மதிப்பும் இறங்கிவிடும்.

வெட்டாமலே மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பழைய மாதிரியே இரண்டு குமிழ் வைத்து வரும் புது ஸ்டீரியோ. இரண்டாவது, பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புதுச் சாமான் பொருத்துவது. மூன்றாவது, டெலிபோனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கிக்கொள்ளும் சின்ன ஆம்ப்ளிஃபயரை ஸீட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பது. செலவு குறைந்தது இதுதான். வெளியே ஒன்றும் தெரியாது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் பாட்டரியைப் பாருங்கள். மிகப் பழைய இங்கிலீஷ் வம்சத்துக் கார்கள் சிலவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோ நெகடிவ் முனையை எதிர்பார்ப்பது. யோசிக்காமல் இணைத்தால், முதல் பாட்டு முடியுமுன்பே பெட்டி புகைந்துவிடும். வண்டி எந்த ஜாதி என்று அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது, பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "4 x 50 வாட்". கணக்குப் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகளின் பின்புறத்தில் இருப்பது 10 ஆம்பியர் ப்யூஸ். 12 வோல்ட்டை 10-ஆல் பெருக்கினால் 120 வாட். இருநூறு எங்கிருந்து வரும்? அத்தனை சத்தம் உங்களுக்குத் தேவையும் இல்லை. பழைய டைனமோ என்ஜின் மெதுவாக ஓடும்போது அதிகம் மின்சாரம் தராது. ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஸிக்னலில் நிற்கும்போது, பாட்டும் விளக்கும் பாட்டரியிலிருந்துதான் குடிக்கும்.

வயர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முப்பது, நாற்பது வருஷத்து வயரின் உறை வெடித்திருக்கும். அதிலேயே முடிச்சுப் போட்டு இணைப்பது நெருப்போடு விளையாடுவது. புது வயர், அதற்கென்று தனி ப்யூஸ், இரண்டும் கட்டாயம். வாரத்துக்கு ஒரு முறைதான் வண்டியை எடுப்பீர்களென்றால் பாட்டரி இணைப்பைத் துண்டிக்க ஒரு ஸ்விட்சும் வைத்துவிடுங்கள். பெட்டி தூங்கும்போதும் தன் ஞாபகத்துக்காகக் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பீக்கருக்காகக் கதவில் ஓட்டை போடாதீர்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைக்கலாம். பழைய பழக்கத்தில் ஸ்பீக்கரின் ஒரு வயரை வண்டியின் உடம்பில் மாட்டிவிடக் கூடாது. புதுப் பெட்டி பாழாகிவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனித்தனியாகப் போகவேண்டும்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய ரேடியோவைக் காயலான் கடைக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். திருகாணிகளோடு துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். என்றைக்காவது உங்கள் பேரன், "இந்த வண்டி தாத்தா காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்பான். அப்போது அதை எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டிக் காட்டலாம், இடம் வெட்டுப்படாமல் இருந்தால்!