பூநாரைக்கு விழா! மீனவனுக்கு?

பனிக்காலம் வந்துவிட்டால் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வந்து சேருகின்றன. நீண்ட கால், வளைந்த அலகு, விரித்தால் நெருப்புத் துண்டுபோல் தெரியும் சிறகு. ஆழமில்லாத நீரில் கூட்டங்கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, சேற்றை அலசி இரை தேடும் அந்தக் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்.

இந்தப் பறவைகளின் பெயரால் ஆந்திர சர்க்கார் ஒரு திருவிழா நடத்துகிறது. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த அந்த விழா, 2025 ஜனவரி 18 முதல் 20 வரை மறுபடியும் தடபுடலாக நடந்தேறியது. சூளூர்ப்பேட்டையில் கலை நிகழ்ச்சிகள்; நேலப்பட்டில் பறவை பார்த்தல்; பீமுலவாரிபாளையத்தில் படகு சவாரி. மலைநாட்டில் கோடை விழா என்றால், இந்த ஏரிக்கரையில் குளிர்கால விழா!

விழா நடப்பது ஆந்திரக் கரையில். ஆனால் ஏரி ஒன்றுதான். அதே ஏரியின் தமிழகக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சுண்ணாம்புக்குளமும் அதைச் சுற்றிய மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. பூநாரைக்கு மாநில எல்லை கிடையாது. காலையில் ஆந்திர நீரில் மேய்ந்து மாலையில் தமிழக நீரில் நிற்கும். மீனவன் எல்லை தாண்டி வலை போட்டால் மட்டும் தகராறு! தெலுங்கு பேசும் மீனவனும் தமிழ் பேசும் மீனவனும் ஒரே இறாலுக்காக முட்டிக்கொள்ளும் நிலை பல முறை வந்திருக்கிறது.

இந்தக் கூத்தெல்லாம் நமக்கு எதற்கு, விழாவே வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது, தோழர்களே!

இயற்கை யாருக்குச் சொந்தம்?

வானமும் மலையும் நீர்நிலையும் சீமான்களின் தனிச்சொத்து அல்ல. ஆறு நாள் நூல் தூசியை மூச்சாக இழுத்த ஆலைத் தொழிலாளிக்கும், நாற்றங்காலில் முதுகொடிந்த கூலிப் பெண்ணுக்கும், ஏழாம் நாள் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிப் பறவை காட்ட உரிமை உண்டு.

இந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஆலை நகரம் நமக்குத் தெரியும். நம் நெசவாளர்களின் வயிற்றிலடித்த துணியெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. அந்த நகரத் தொழிலாளர்களும் மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்திலேயே கிண்டர் ஸ்கவுட் என்ற மலை. ஆனால் பிரபுக்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக அதை அடைத்து, காவலாட்களை நிறுத்தியிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24ந் தேதி சுமார் 400 பேர் தடையை மீறி அந்த மலையில் ஏறினார்கள். முன்னின்று நடத்தியவர் பென்னி ராத்மன் என்ற 20 வயதுக் கம்யூனிஸ்ட் இளைஞர். ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். சிறைக்குப் போனது வீணாகவில்லை. 1949ல் அந்நாட்டில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. இன்று எவரும் அந்த மலையில் நடக்கலாம்.

ஆகவே விழா நடக்கட்டும். நாம் கேட்பது இதுதான்: இந்தப் பறவைகளை இத்தனை காலம் காத்தவன் யார்? விழாவில் அவனுக்கு இடம் எங்கே?

காத்தவன் உழைப்பாளி

செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரியைப் பாருங்கள். கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க் குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு 1798ல் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் தம் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரணாலயம் என்ற சொல் சர்க்கார் ஏட்டில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அதைக் காரியத்தில் செய்தவன் ஏர் பிடித்தவன்!

பழவேற்காட்டிலும் அப்படித்தான். ஆந்திரப் பகுதி 1976லும் தமிழகப் பகுதி 1980லும் சரணாலயமாயின. அதற்கு முன்னால் யார் காவல் காத்தார்கள்? ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே நாளில் ஏரியை வழித்தெடுக்காமல் தடுத்தது இந்தக் கட்டுப்பாடுதான். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலைகூட இல்லாத இந்தக் கையால் எந்த ஏரி அழியும்?

ஒரே சேறு, ஒரே வயிறு

பூநாரையும் மீனவனும் பகையாளிகள் என்று காட்டுவது ஒரு சூழ்ச்சி. இரண்டு பேரும் ஒரே சேற்றை நம்பிப் பிழைப்பவர்கள். கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்தால்தான் இந்த ஏரி உயிரோடிருக்கும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, மடவை வராது, கோடையில் ஏரி உப்பளமாகும். பறவைக்கு இரை இல்லை. மீனவனுக்கு அடுப்பு இல்லை. அந்த முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க 26 கோடியே 85 லட்சம் ரூபாய்த் திட்டம் வருவதற்கே மீனவர்கள் எத்தனை ஆண்டுகள் மனுப்போட்டு, மறியல் செய்து அலைந்தார்கள்!

ஆலையில் கச்சாப்பொருள் இல்லையென்று லே-ஆஃப் கொடுத்தால், ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்கச் சட்டம் இருக்கிறது. போராடிப் பெற்ற சட்டம் அது. முகத்துவாரம் மூடி ஏரியே லே-ஆஃப் ஆனால், வலையைச் சுருட்டி வைத்தவனுக்கு யார் பாதிக் கூலி கொடுப்பது? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு வருகிறதே, அந்த நாள் கூலி யார் கணக்கில்?

தெற்கே பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் 330 ஏக்கரில் இருந்தது. 2018ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு அதை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டார்கள். ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் திட்டையே விழுங்கிவிடும் என்று குப்பங்கள் கொதித்தெழுந்தன. 2021லும் 2023லும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போடப்பட்டன. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, மீனவனின் படகும் கறுத்தது. கூழைக்கடாவின் இறகும் கறுத்தது. விஷம் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் ஏன் பிரித்துப் பார்க்கவேண்டும்?

சாகசத்தின் விலை

சாகசம் என்கிறார்கள். மலை ஏறுகிறவனின் படம் பத்திரிகையில் வருகிறது. மூட்டை சுமந்தவன்? எவரெஸ்டில் 2014 ஏப்ரல் 18ந் தேதி பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளிகள் மாண்டார்கள். பணக்காரர்கள் ஏறுவதற்குப் பாதை போடப் போனவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களுக்கு அந்நாட்டு சர்க்கார் முதலில் தருவதாகச் சொன்ன உதவி 40,000 நேபாள ரூபாய்! ஷெர்ப்பாக்கள் என்ன செய்தார்கள்? மூட்டையைக் கீழே வைத்தார்கள். ஏறமாட்டோம் என்றார்கள். நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவமே நின்றது. பிறகுதான் காப்பீடு உயர்ந்தது. சுமப்பவன் உட்கார்ந்தால் உலகத்தின் உச்சிக்கும் வழி இல்லை!

நம் ஏரியிலும் ஒரு துயரம் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிதவைச் சட்டை இல்லை. ஆள் கணக்கு இல்லை. அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. தடை போடுவது சுலபம். பாதுகாப்பான படகும், பயிற்சியும், காப்பீடும் கொடுத்து, அந்தத் தொழிலை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைப்பதுதானே நிர்வாகம்?

நாம் கேட்பது

ஆந்திர சர்க்காரானாலும் தமிழக சர்க்காரானாலும் நம் கோரிக்கை ஒன்றே. முகத்துவாரம் ஆண்டு முழுதும் திறந்திருக்கவேண்டும். தொழில் நின்ற நாட்களுக்கு ஏரி மீனவருக்கும் இருளருக்கும் நிவாரணம் வேண்டும். விழாப் படகும் வழிகாட்டும் வேலையும் குப்பத்து இளைஞர்களின் சங்கத்துக்கே. கட்டணத்தில் பங்கு வேண்டும். சரணாலய விதி எழுதும்போது, பாடு முறை தெரிந்த கிழவரும் பறி கவ்விய பெண்ணும் அந்த மேஜையில் உட்காரவேண்டும். ஏரியைச் சுருக்கும் எந்தத் திட்டமும் இந்தக் குப்பங்களின் சம்மதமின்றி வரக்கூடாது.

ஆலைத் தோழர்களே! அடுத்த தை மாதம் குடும்பத்தோடு பூநாரை பார்க்கப் போங்கள், தாராளமாகப் போங்கள். பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கரையில் வலை பிரிக்கும் மனிதனோடும் பேசுங்கள். அவன் சங்கத்தின் மனுவில் உங்கள் சங்கத்தின் கையெழுத்தும் விழட்டும். வயல் தோழர்களே! வேடந்தாங்கலில் உங்கள் முன்னோர் வாங்கிய கவுல் போல, ஏரி மீனவனும் தன் ஏரிக்கு ஒரு கவுல் கேட்கிறான். அவனோடு நில்லுங்கள். அவன் பிழைத்தால்தான் பூநாரையும் பிழைக்கும், விழாவும் நடக்கும்.