வேலை யாருடையது?

கம்பம் பள்ளத்தாக்கில் திருவிழாப் பேச்சு எடுத்தாலே ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுவது பரிவட்டம் யாருக்கு என்ற கேள்விதான். காளாஞ்சி எந்த வகையறாவுக்கு, மண்டகப்படி எவருக்கு எந்த நாள் என்று பேசியே இரவு கழிகிறது. பேச்சு முற்றித் தாசில்தார் வரை போவதும், விழாவே நின்றுபோவதும் உண்டு. மரியாதைக்கு இவ்வளவு வாதாடும் நாம், வேலையைச் செய்கிறவர் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு விவிலியத்தில் ஒரு பழைய பதில் உண்டு. நம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டு விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் மூன்றாம், நான்காம் அதிகாரங்களைப் பெயர்ப்பட்டியல் என்று பலரும் தாண்டிவிடுவார்கள். இறைக் கூடாரப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவி குலத்தின் மூன்று வகையறாக்களுக்கும் அங்கே வேலை பிரிக்கப்படுகிறது. கேர்சோன் வழியினருக்குக் கூடாரத் திரைகள். மெராரி வழியினருக்குச் சட்டங்கள், தூண்கள், முளைகள், கயிறுகள். கோகாத்து வழியினருக்கு உடன்படிக்கைப் பேழையும் விளக்குத்தண்டும் பீடங்களும். 30 வயது முதல் 50 வயது வரை உள்ளவர்கள், மொத்தம் 8,580 பேர். இவற்றைக் கொண்டுசெல்ல மெராரியருக்கு நான்கு வண்டி, கேர்சோனியருக்கு இரண்டு. கோகாத்தியருக்கு வண்டியே இல்லை. புனிதப் பொருளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். மேலான பொருளை ஏற்றவருக்குத்தான் உடலுழைப்பு அதிகம். மாசி சிவராத்திரிக்கு ஒச்சாண்டம்மன் பெட்டியை உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டிக்குச் சுமந்து நடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

லேவியருக்கு நிலப்பங்கு கிடையாது. மற்றவர்கள் தரும் பத்திலொரு பங்கில்தான் சீவனம். பின்னாளில் எருசலேமை ஆண்ட ஆளுநர் நெகேமியாவின் காலத்தில் அந்தப் பங்கு நின்றது. பாடகர்களும் பணியாளர்களும் கோவிலை விட்டு வயலுக்குப் போனார்கள். நெகேமியா அவர்களைக் குற்றம் சொல்லவில்லை; அலுவலர்களைத்தான் கண்டித்தார். படியளக்காமல் பக்தியை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலையைப் பிறப்போடு கட்டும் இந்த முறையின் கொடுமையும் அதே விவிலியத்தில் இருக்கிறது. கிபயோனியர் என்ற வேற்றினத்தாரை இஸ்ரயேலர் தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதித்தார்கள். பிறப்போடு கட்டிய வேலை ஒரு வீட்டுக்குப் பெருமை, இன்னொரு வீட்டுக்கு விலங்கு. நம் ஊர்ப் பறையடிப்பவர்களிடம் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

பிறப்பை மட்டுமே பார்க்காத ஏற்பாடும் நம்மிடம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரையும், உடன் கொட்ட இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளக்கச் சொன்னான். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம்; அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைக்க வேண்டும். உறவுக்கும் இடம் உண்டு, தகுதிக்கும் இடம் உண்டு, கூலிக்கும் கணக்கு உண்டு. அந்தக் கோயில் கல்வெட்டு மூன்றையும் சேர்த்தே சொல்கிறது.

பிறப்பைப் பார்க்காமல் பட்டம் தருவதற்கு நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு சாட்சி உண்டு. கம்பத்தில் ஒக்கலிகர் பேணும் தம்பிரான் மாடுகளைப் பற்றி 1906-இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் அதன் ஆசிரியர் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பசுக்களில் பால் கறப்பதில்லை. பட்டத்துக்காளை இறந்தால் மந்தையின் முன் கரும்புக்கட்டை வைப்பார்கள். முதலில் வந்து சேரும் காளைக்குப் பட்டம். முந்தைய காளையின் கன்றா என்று எவரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு 1970-இல் பரம்பரை அர்ச்சகர் உரிமையைச் சட்டத்தால் நீக்கியது. 1972-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஊர்க்கோயில்களில் இந்த மாற்றத்தை ஊர்தான் செய்ய வேண்டும். வரி பிரிக்கும் பெரியவர்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம். விழாக் கணக்கின் முதல் வரியில் மேளக்காரர், பறையடிப்பவர், துப்புரவு செய்பவர் கூலியை எழுதுங்கள். விழா முடிந்த மறுநாளே கையில் கொடுங்கள். பாடவும் கொட்டவும் பூசை செய்யவும் கற்க வரும் பிள்ளை ஆணா பெண்ணா, எந்த வகையறா என்று கேட்காமல் கற்றுக்கொடுங்கள். இன்னும் பறை அடிப்பதோடு மட்டும் ஒரு தெருவைக் கட்டிவைத்திருக்கும் வழக்கத்தை இந்த ஆண்டே விட்டுவிடுங்கள்.