அளந்தறிதலும் கணித்தறிதலும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்பது பெரும்பொருள் படைத்த நாட்டார்க்கும், மாளிகை போன்ற ஆய்வுக்கூடங்களில் அமர்ந்திருப்பார்க்குமே உரியதென்னும் எண்ணம் நம் மாணவரிற் பலர் உள்ளத்தே ஊன்றியிருக்கின்றது. “அக்கருவி இல்லை, இக்கருவி இல்லை, யாங்கள் என் செய்வோம்?” என்று கூறிக் கைகட்டியிருப்பாரை நான் கண்டிருக்கின்றேன். அண்மைக்காலத்தில் இதற்கு நேர்மாறான மற்றொரு குறையும் தோன்றியுளது. கணினி ஒன்றிருப்பின் கருவியே வேண்டா, அளத்தலே வேண்டா, யாவற்றையும் கணித்தே அறிந்துவிடலாம் என்பது அது. இவ்விரண்டும் பிழையென்பது என் துணிபு. முன்னது மாணவரின் ஊக்கத்தைக் கெடுக்கும். பின்னது அறிவையே கெடுக்கும். ஆதலின் பின்னதைப்பற்றியே ஈண்டு மிகுதியாகக் கூறுவேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கை மகன் திருக்கோகர்ணத்திலுள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்தான். அவன் வேறோர் ஊரிலே இரசாயனத்தில் முதுகலை பயில்பவன். பென்சீன் போன்ற வளைய மூலக்கூறுகளின் காந்த இயல்பைக் கணினியாற் கணித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தான். அட்டவணையின் முதல் வரியில் −9.7 என்றோர் எண் காணப்பட்டது. “இம்மூலக்கூறு அரோமாட்டிக் தன்மையுடையது, மாமா, இவ்வெண்ணே அதற்குச் சான்று” என்றான். “இவ்வெண் எப்பொருளின் அளவு, மாப்பிள்ளை?” என்று வினவினேன். அவன் சிறிது நேரம் வாளா இருந்து, “நிரல் அவ்வாறு தந்தது, மாமா” என்றான். அறிவிலும் உழைப்பிலும் குறைவற்ற பிள்ளை அவன். ஆயினும் தன் கையிலுள்ள எண்ணின் பொருளை அவன் அறிந்திலன். அன்று மாலை நாங்கள் பேசியவையே இக்கட்டுரைக்கு வித்தாயின.

எம்மூர்ப் பிரகதாம்பாளின் திருவுருவம் பொறித்த அம்மன் காசினைப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து முதியோர் இல்லங்களில் இன்றும் காணலாம். அதனருகே காந்தத்தைக் கொண்டு செல்லின் காசு அசையாது. செம்புக்கும் காந்தத்திற்கும் தொடர்பேயில்லை என்றுதான் கண்ட அளவில் நாம் கருதுவோம். அது சரியன்று என்று 1845 ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே காட்டினார். அவர் கனத்த கண்ணாடித் துண்டொன்றை வலிய காந்தத்தின் துருவங்களுக்கிடையே தொங்கவிட்டார். அது காந்தத்தினின்றும் விலகக் கண்டார். செம்பு, நீர், கண்ணாடி முதலிய எண்ணிறந்த பொருள்களும் இவ்வாறே மிகச் சிறிதளவு விலக்கப்படுகின்றன. இவ்வியல்பைக் கண்ட பாரடேயே, இருபது ஆண்டுகட்கு முன் 1825 இல் பென்சீனையும் முதன்முதற் பிரித்தெடுத்தவர். தாம் கண்ட அவ்விரண்டும் பிற்காலத்தில் ஒன்றோடொன்று பிணையப்போகின்றன என்பதை அவர் அறிந்திரார்.

பென்சீனும் அதன் இனத்தனவும் நறுமணத்தாற் பெயர் பெற்றவை. நம் பெட்டிகளில் துணிகளுக்கிடையே வைக்கும் பாச்சை உருண்டையாகிய நாப்தலீனும் அவ்வினத்தது. எனினும் மணம் அன்று அவற்றின் இலக்கணம். பென்சீனின் ஆறு கரியணுக்களும் ஒரு வளையமாய் அமைய, ஆறு எலெக்ட்ரான்கள் எவ்வோர் அணுவிற்கும் தனியுரிமை ஆகாமல் வளையம் முழுவதும் பரவி நிற்பதே இலக்கணம். காந்தப்புலம் வளையத்திற்குச் செங்குத்தாக விழும்போது, இவ்வெலெக்ட்ரான்கள் கம்பிச்சுருளிலே மின்சாரம் ஓடுவதுபோல வளையத்தைச் சுற்றி ஓடுகின்றன. அதனால் அத்திசையில் விலக்கம் மிகுகின்றது. வளையத்தின் தளத்திலோ அது குறைவு.

இதனை ஊகமாக விடாது அளந்து காட்டியவருள் தலையாயவர் நம் நாட்டவர். வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவர். 1928 இல் இராமன் விளைவு கண்ட காலத்து இராமனுக்கு உடனுழைத்த அப்பெரியாரை அவ்வொன்றிற்காக மட்டுமே பலரும் நினைவு கூர்கின்றனர். 1928 இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தை அடைந்து அவர் தொடங்கிய படிகக் காந்த ஆராய்ச்சியோ, என் கருத்தில், அதனினும் அவர்க்கே தனியுரிமையானது. அவர் கையாண்ட முறையின் எளிமையை நோக்குமின்! நுண்ணிய குவார்ட்ஸ் இழையொன்றின் நுனியிலே சிறு படிகத்தைக் கட்டிக் காந்தப்புலத்திலே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டே செல்ல, ஒரு நிலையிலே படிகம் சட்டெனப் புரளும். அதுகாறும் முறுக்கிய கோணத்தினின்று, படிகத்தின் காந்த இயல்பு திசைக்குத் திசை எத்துணை வேறுபடுகின்றது என்பது கணக்கிடப்படும். நாப்தலீன், ஆந்திரசீன் முதலியவற்றின் படிகங்களை இவ்வாறு அளந்து, அவற்றினுள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் அவர் உய்த்துணர்ந்தார். 1936 இல் காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரோடு சேர்ந்து, படிகத்தின் காந்த அளவைகளுக்கும் மூலக்கூற்றின் அமைப்புக்கும் உள்ள தொடர்பை இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விளக்கினார். 1940 இல் அச்சங்கத்தின் உறுப்பினரானார்.

அளவை முன் சென்றது. கணக்கு அதனைத் தொடர்ந்தது. 1936 இல் பாலிங்கும் 1937 இல் லண்டன் என்னும் பெயருடைய அறிஞரும் வளைய மின்னோட்டத்தைக் கணித்தனர். 1956 இல் ஜான் போப்பிள் அதனைக்கொண்டே, பென்சீனின் ஹைட்ரஜன்கள் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் எத்திலீனுடையவற்றினும் விலகித் தோன்றுவதேன் என்று விளக்கினார். எத்திலீனுக்கு 5.3 என்று குறிக்கப்படுவது பென்சீனுக்கு 7.3 ஆகின்றது. பதினெட்டுக் கரியணுக்களாலாய பெருவளையமொன்றில் வெளிப்புற ஹைட்ரஜன்கள் 9.3 என்றும், வளையத்தினுள்ளே அமைந்தவை −3 என்றும் குளிர்நிலையில் அளக்கப்பட்டபோது, உள்ளே புலம் குறைந்து வெளியே மிகும் என்னும் கொள்கை ஐயமற நிறுவப்பட்டது. அப்போப்பிளே பின்னர் மூலக்கூறுகளைக் கணினியாற் கணிக்கும் முறைகளை வகுத்து 1998 இல் நோபெல் பரிசு பெற்றார்.

இனி என் மருமகனின் எண்ணுக்கு வருவோம். அது 1996 இல் ஷ்லையரும் அவர்தம் குழுவினரும் வகுத்த அளவை. வளையத்தின் நடுவில் ஓர் அணு இருப்பதாகப் பாவித்து, அங்கே காந்தப்புலம் எத்துணை தடுக்கப்படும் என்று கணிப்பது. பயனுடைய கருத்தே, ஐயமில்லை. ஆனால் அவ்விடத்தில் அணுவேதும் இல்லை. இல்லாத அணுவை எக்கருவி அளக்கும்? மேலும், புள்ளியை வளையத்தின் தளத்தில் வைத்தால் ஓரெண், சிறிது உயர்த்தி வைத்தால் வேறோரெண். கணிக்கும் முறையை மாற்றினாலும் எண் மாறும். மிகச் சிறிய வளையங்களிலோ, சாதாரணப் பிணைப்புகளின் எலெக்ட்ரான்களே அவ்வெண்ணைப் பெருக்கிக் காட்டும். ஆதலின் அது ஒரு சான்றேயன்றித் தீர்ப்பன்று. ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை நாம் புகழ்வோமா?

கணிப்பு இரசாயனத்தை நான் இகழ்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. நம் போன்ற ஊர்களின் மாணவர்க்கு அது பெரும் வாயில். விலையின்றிக் கல்வியாளர்க்கு வழங்கப்படும் நிரல்கள் உள. சாதாரணக் கணினியே சிறு மூலக்கூறுகளுக்குப் போதும். இன்னும் ஆக்கப்படாத பொருளையும், கணப்பொழுதில் மறையும் பொருளையும் அது நமக்குக் காட்டும். வாயில் திறந்திருப்பது நன்று. உள்ளே புகுவோர் கண்ணை மூடிக்கொண்டு புகுதலாகாது என்பதே என் வேண்டுகோள்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று கருத்துக்களைப் பணிவுடன் தெரிவிப்பேன். முதலாவது, மாணவன் கணினியைத் தொடுமுன் ஹுக்கெல் வகுத்த முறையில் பென்சீனின் கணக்கைத் தன் கையாலேயே எழுதித் தீர்க்க வேண்டும். ஆறு எலெக்ட்ரான்களும் பரவி நிற்பதனால் மூன்று தனி இரட்டைப் பிணைப்புகளினும் இரண்டு பீட்டா அளவு வலிமை கூடுகின்றது என்பதை ஒரு பக்கத்தில் கண்டுகொள்ளலாம். இரண்டாவது, கணித்த எண் ஒவ்வொன்றிற்கும் அருகே, அளந்தறிந்த எண் ஒன்றேனும் இடம்பெற வேண்டும். அளந்தோர் வெளியிட்டவை நூல்நிலையத்தில் நிரம்பவுள. மூன்றாவது, வாய்மொழித் தேர்வில் ‘எண் யாது?’ என்று கேளாது, ‘இவ்வெண் எதனால் மாறும்?’ என்று கேட்க வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருட் செலவு இல்லை. ஆசிரியரின் நேரமே செலவு. அந்நேரம் எளிதிற் கிடைப்பதன்று என்பதையும் அறிவேன். எனினும் இருபது கட்டுரைகளுக்கு மாற்றாகப் பத்தே எழுதப்படினும், அப்பத்தும் பொருளுணர்ந்து எழுதப்படுமாயின் இழப்பொன்றுமில்லை.

விடுமுறை முடிந்து மருமகன் ஊர் திரும்புமுன், தன் அட்டவணையில் புதிதாக ஒரு நிரையைச் சேர்த்தான். அதன் தலைப்பு ‘அளந்த மதிப்பு’ என்பது. அந்நிரையில் சில கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன. அவ்வெறுமையைக் கண்டு அவன் நாணவில்லை. தான் இனிச் செய்யவேண்டியது இன்னதென்று அறிந்து மகிழ்ந்தான். நம் மாணவர் ஒவ்வொருவரும் அம்மகிழ்ச்சியை எய்துவாராக.