ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்



உங்கள் வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய பழைய வண்டி ஏதாவது நிற்கிறதா?

எங்கள் வீட்டில் எட்டு வருடம் நின்றது. அப்பாவின் புல்லட். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, நம் திருவொற்றியூரில் செய்து அனுப்பிய பாயின்ட் செட் வண்டி. "எடைக்குப் போட்டுடலாமே" என்று பேச்சு வந்த நாளில்தான் அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வந்தது.

புது பேட்டரி, புது பிளக், புது காயில் என்று எல்லாம் வாங்கி மாட்டினோம். பிளக்கில் கரன்ட் வரவே இல்லை. கடைசியில் பார்த்தால், காயிலில் ஓடும் கரன்டை மூடித் திறந்து அறுக்கும் பாயின்ட் முனைகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். நுண்ணிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்ததும் பிளக்கில் நீலப் பொறி தெறித்தது. பழைய காயிலில் எந்தக் குறையும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மாதக் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்தும் வீட்டில் இந்தச் செலவு தேவைதானா? அதனால்தான் சொல்கிறேன்: வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் பேட்டரி. அதன் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? எர்த் வயர் சேசிஸில் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா? ஃபியூஸ் சரியா? பாதி வண்டிகளின் நோய் இங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து, உங்களுடையதும் பழைய புல்லட் என்றால், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது ஊசி மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். ஊசி அசையவே இல்லையா? கரன்ட் பாயின்ட் வழியாக ஓடவில்லை. மைனஸிலேயே நிற்கிறதா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது வயர் எங்கோ உடம்பில் தொட்டு எர்த் ஆகிறது. அந்தச் சின்ன ஊசி சொல்லும் சேதி இவ்வளவு!

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயின்ட் தெரியும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடலாம். பாயின்ட் திறந்து கரன்ட் சட்டென்று அறுபடும் அந்த நொடியில்தான் காயில் உயர் அழுத்த மின்சாரத்தை எழுப்புகிறது. முனைகளுக்கு நடுவே பெரிய பொறி பறந்து, அவை கருகிப்போனால், அந்தப் பொறியை அடக்க வேண்டிய கன்டன்சரைச் சந்தேகியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்று எப்படித் தெரியும்? கழற்றிய பழைய பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். பல சமயம் புதிதைவிட அதுவே நன்றாக உழைக்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முதலில் வடித்து அப்புறப்படுத்துங்கள். பொறி பார்க்கும்போது பெட்ரோலும், பெட்ரோல் தொட்ட துணியும் தள்ளியே இருக்கட்டும். அப்போது, கழற்றிய பிளக்கின் உடல் இன்ஜினின் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும். சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பாயின்ட் மூடியிருந்தால் காயில் சூடாகும், பேட்டரியும் தீர்ந்துபோகும். ஆர்.சி. எடுத்து 15 ஆண்டு முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். முடிந்திருந்தால், சாலைக்குக் கொண்டுபோகுமுன் அதைப் புதுப்பித்தாக வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். தாத்தா எப்படி இந்த வண்டியை உதைப்பார் என்று அந்தச் சாக்கில் சொல்லலாம். படிப்பில் வரும் மின்சாரம் கண்ணெதிரே பொறியாகத் தெறிப்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

எல்லாம் பார்த்தும் வண்டி பேசவில்லையா? கவலை வேண்டாம், மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். ஆனால் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "அண்ணே, பேட்டரி நல்லா இருக்கு, ஊசி ஆடுது, பாயின்ட் தேய்ச்சாச்சு, பிளக்ல மட்டும் கரன்ட் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்