சொல்லின் பொருள் அகராதியிலா, உடலிலா?

சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு மொழித்துறை மாணவர் பலரிடம் ஆயத்தமான விடையொன்று உண்டு. சொல் ஒரு குறி. அக்குறிக்கும் அது சுட்டும் கருத்துக்கும் இடையே இயல்பான தொடர்பு எதுவுமில்லை. ஒரு சொல்லின் பெறுமதி ஏனைய சொற்களிலிருந்து அது வேறுபடும் முறையாற் கிடைப்பது. பேர்டினண்ட் டி சசூரின் விரிவுரைகளைத் தொகுத்து 1916ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அளித்த இக்கருத்து, மொழியியலை ஓர் அறிவியலாக நிலைநிறுத்த உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒலிவடிவத்துக்கும் கருத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சசூர் கூறியதை, சொற்பொருள் முழுவதுமே மனித அனுபவத்தோடு தொடர்பற்றது என்னும் முடிபாக நீட்டியவர்கள் பெருந்தவறு இழைத்துவிட்டனர். அத்தவறு ஏட்டளவில் நின்றிருப்பின் பொறுத்துக்கொள்ளலாம். அது வகுப்பறையையும் பற்றிக்கொண்டிருக்கிறது.

சொற்களுக்குச் சொற்களே பொருள் என்றால் நேர்வது யாது? 'துயரம்' என்பதற்குத் 'துன்பம்' என்றும், 'துன்பம்' என்பதற்கு 'வருத்தம்' என்றும், 'வருத்தம்' என்பதற்கு மீண்டும் 'துயரம்' என்றும் பொருள் காணலாம். ஒருபோதும் துயருறாத ஒருவன் இவ்வட்டத்தை ஆயிரமுறை சுற்றிவரினும் துயரத்தை அறியான். ஸ்டீவன் ஹார்னட் என்னும் அறிஞர் 1990ஆம் ஆண்டில் இவ்விடர்ப்பாட்டை நன்கு எடுத்துக்காட்டினார். சீனமொழியில் ஒரு சொல்லும் அறியாதவர், சீனச் சொற்களுக்குச் சீனத்திலேயே பொருள் கூறும் அகராதியை மட்டும் கொண்டு அம்மொழியைக் கற்க முற்பட்டால், ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிக்குப் போய்க்கொண்டே இருப்பாரன்றிப் பொருளை எட்டமாட்டார். வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் உடைதல் வேண்டும். அது உடையும் இடம் உடல்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. சினமுற்றவனின் நெஞ்சு கொதிக்கிறது. அஞ்சியவனின் உடல் சில்லிடுகிறது. இவை வெறும் அலங்காரம் என்பார் உளர். ஆனால் போல் எக்மனும் அவருடைய கூட்டாளரும் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சினத்தின்போது விரல்களின் வெப்பநிலை அச்சத்தின்போது உள்ளதைவிட உயர்ந்திருத்தலை அளந்து காட்டினர். அளவுகருவி வருமுன்னரே சொல் அதனைக் கூறிவிட்டது. உருவகம் என்பது கவிஞர் சொல்லுக்குச் சூட்டும் அணி மாத்திரமன்று, அன்றாடச் சிந்தனையின் அடித்தளமே அதுதான் என ஜோர்ஜ் லேக்கொவும் மார்க் ஜோன்சனும் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டனர். தமிழ் மாணவருக்கு இது புதுமையாகத் தோன்றவேண்டியதில்லை. ஒரு கருத்து 'விளங்குகிறது', 'பிடிபடுகிறது', 'எட்டவில்லை' என்கையில் கண்ணும் கையும் அன்றோ பேசுகின்றன? 'புலமை' என்னும் சொல்லே 'புலன்' என்பதற்கு உறவுடையது.

உடல் எல்லார்க்கும் ஒன்றெனின் மொழிகள் ஏன் வேறுபடுகின்றன என வினவுவர். ஆங்கிலேயர் அன்பை வெம்மையாகப் பேசுகின்றனர். தமிழரோ உள்ளம் குளிர்ந்தது என்கின்றனர். இரக்கமுடைய நெஞ்சை ஈரநெஞ்சு என்கின்றனர். ஆகவே எல்லாம் வெறும் மரபே என முடிப்பர். உடலை நிலத்திலிருந்து பிரித்து நோக்குவதால் வரும் வாதம் இது. பனிக்காலத்தில் அடுப்பருகே ஒண்டிய உடலுக்கு வெம்மையே ஆறுதல். வெயிலில் உழுது மழையை எதிர்நோக்கும் உடலுக்குக் குளிர்ச்சியும் ஈரமுமே வாழ்வு. சினத்தின் வெப்பம் இரு சாராருக்கும் பொது. அன்பின் தட்பவெப்பம் வேறு. மரபு என்பதும் ஒரு நிலத்தில் வாழ்ந்த பல தலைமுறையினரின் உடலனுபவம் படிந்து உருவானதேயாம்.

இன்னும் வலிய தடையொன்று உண்டு. பொருள் உடலனுபவத்தால் அமைவதாயின், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கூறும் 'பார்' என்னும் சொல் பொருளற்றதா? பாபரா லாண்டோவும் லீலா கிளைட்மனும் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகிறது. அவர்கள் ஆராய்ந்த பார்வையற்ற சிறுமியிடம் 'மேலே பார்' எனக் கூறியபோது அவள் கைகளை மேலே உயர்த்தினாள். கண் கட்டப்பட்ட ஏனைய பிள்ளைகளோ முகத்தை மேலே திருப்பினர். சொற்கள் அமையும் தொடர்களும் அச்சிறுமிக்குப் பொருளறிய உதவின என அந்நூலாசிரியர்கள் கூறுவதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அச்சொல் அவளிடம் வெறுமையாக இருக்கவில்லை. அவளுடைய கைகளிற் குடிகொண்டிருந்தது. தமிழ் வழக்கும் இதனை அறியும். தொட்டுப்பார், முகர்ந்துபார், சுவைத்துப்பார், கேட்டுப்பார் என அது எல்லாப் புலன்களுக்கும் 'பார்' என்பதனைப் பகிர்ந்தளித்திருக்கிறது.

தமிழிலக்கண மரபு உடலை மறந்த மரபன்று. எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் அது பெயரிட்டது. ஒலி பிறக்குமிடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு முதலிய எட்டினைத் தொல்காப்பியம் சுட்டியது; எண்வகை உணர்வுகளை மெய்ப்பாடு என வழங்கியது. உணர்வு மெய்யிற் படுவதைக் கண்ட அம்மரபின் வாரிசுகள், 'நெஞ்சு கொதித்தது' என்பதற்கு ஓர் அணியின் பெயரை எழுதிவிட்டால் பணி முடிந்தது எனக் கருதுவது இரங்கத்தக்கது. பெயரிடுதல் விளக்குதல் ஆகாது.

இவ்வாதத்தினால் ஆவதென்ன எனக் கேட்போர் வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பகுதிக்குச் சென்று சிறிதுநேரம் நிற்றல் நன்று. கால் உளையுது, நாரி கடுக்குது, நெஞ்சு குத்துது, கண் எரியுது, கை விறைக்குது என முதியவர்கள் கூறுவார்கள். உளைவும் கடுப்பும் குத்தும் எரிவும் விறைப்பும் வெவ்வேறு என்பதை அவர்களுடைய உடல் அறியும். உளைவும் கடுப்பும் குத்தும் 'நோவு' என்னும் ஒரே சொல்லால் விளக்கப்படும்போது அவற்றிடையே உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதனைக் கொச்சையெனத் தள்ளிய கல்வி பெற்றவர் நோயாளியின் பேச்சைக் கேட்டும் கேளாதவராகிறார். பிழை நோயாளியின் தமிழில் இல்லை.

எனவே சொற்பொருள் பற்றிய கல்வி வரைவிலக்கணங்களை மனனஞ் செய்து வினாத்தாளில் ஒப்புவிப்பதோடு நின்றுவிடுதல் கூடாது. உழுபவரும் வலையிழுப்பவரும் கொழுந்து கொய்பவரும் தத்தம் உடலால் அறிந்து வழங்கும் சொற்களைச் சென்று கேட்டல் வேண்டும். எந்தத் தொழிலில், எந்த அசைவில், எந்த நோவில் அவை பிறக்கின்றன எனக் குறித்தல் வேண்டும். அகராதிகள் அதன்பின் எழுதப்படட்டும். 'மெய்' என்னும் ஒரே சொல்லால் உடலையும் உண்மையையும் குறிக்கும் மொழியைக் கற்பவர்கள், முன்னதை விலக்கிவிட்டுப் பின்னதைத் தேடுதல் தகுமா?